எல்லோரிடமும் கை நீட்டியவர்

சீனக் குடியரசின் கதை - 17

1920 அக்டோபர். ஜியாங்சு மாகாணத்தின் ராணுவ ஆளுநர் லி சுன், நான்ஜிங் நகரில் தன் மாளிகையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். தற்கொலை என்று அறிவித்தார்கள். ஊர் அதை முழுதாக நம்பவில்லை, வேறு காரணங்களைக் கிசுகிசுத்தது. தளபதிகள் செத்துப்போவது அந்தக் காலச் சீனாவில் பெரிய செய்தி இல்லை. ஆனால் லி சுன் எழுதிவைத்துவிட்டுப் போன உயில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சொத்தில் நான்கில் ஒரு பங்கை, ஏறத்தாழ 5 லட்சம் யுவானை, தன் சொந்த ஊரான தியான்ஜினில் நடக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தார்.

அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. முதல் ஆண்டில் சேர்ந்த மாணவர்கள் 96 பேர். பெயர், நான்காய்.

மாகாணத்தைச் சுரண்டிச் சேர்த்த காசு கல்விக்குப் போகிறதே என்று புண்ணியக் கணக்கு எழுதியவர்களும் உண்டு, இந்தக் காசைத் தொடலாமா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜாங் போலிங் இரண்டு பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பணத்தை வாங்கினார். கட்டடம் எழுப்பினார். செத்தவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

சென்ற சில அத்தியாயங்களாகத் தளபதிகளையும் அவர்களுடைய சண்டைகளையும் பார்த்துக்கொண்டு வந்தோம். இந்த முறை அதே தளபதிகளின் வாசலில் போய் நின்று, அவர்கள் காசை வாங்கி வந்து, அவர்கள் யாருக்கும் சொந்தமாகாத ஒரு பல்கலைக்கழகத்தை நடத்திய மனிதரைப் பார்ப்போம்.

ஜாங் போலிங் 1876இல் தியான்ஜினில் பிறந்தவர். படித்தது கடற்படைப் பள்ளியில். படித்து முடிக்கும் காலத்தில் சீனாவிடம் கடற்படை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. 1895இல் ஜப்பானிடம் தோற்று, கப்பல்களையும் மானத்தையும் ஒன்றாக இழந்திருந்தார்கள். 1898இல் இளம் அதிகாரியாக ஜாங் ஒரு கப்பலில் வெய்ஹாய்வெய் துறைமுகத்துக்குப் போனார். போர் இழப்பீட்டுக்கு ஈடாக ஜப்பான் பிடித்துவைத்திருந்த துறைமுகம் அது. ஜப்பான் அதைத் திருப்பிக் கொடுக்க, பிரிட்டன் உடனே குத்தகைக்கு எடுத்துக்கொள்ள, இடையில் சம்பிரதாயத்துக்காகச் சீனா ஒருமுறை கொடியேற்ற வேண்டியிருந்தது. ஜப்பானியக் கொடி இறங்கியது, சீன நாகக் கொடி ஏறியது, மறுநாள் அதுவும் இறங்கி பிரிட்டிஷ் கொடி ஏறியது. ஜாங் கூடவே நின்று பார்த்தார். கப்பலும் பீரங்கியும் இருந்து என்ன பயன், அவற்றுக்குப் பின்னால் நிற்கும் மனிதர்கள் இப்படி இருந்தால் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது என்று பிற்காலத்தில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சீருடையைக் கழற்றிவிட்டு ஊர் திரும்பினார்.

ஊரில் அவருக்கு வாய்த்தவர் யென் ஷியு. பழைய தேர்வு முறையில் உச்சம் தொட்ட அறிஞர். அந்தத் தேர்வு முறையையே சீர்திருத்த வேண்டும் என்று பேரரசருக்கு விண்ணப்பம் எழுதி, அதனாலேயே மேலிடத்தின் வெறுப்பைச் சம்பாதித்து, தியான்ஜினில் ஒதுங்கியிருந்தவர். ஜாங்கைவிட 16 வயது மூத்தவர். தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் சொல்லித்தர ஜாங்கை அமர்த்தினார். மாணவர்கள் 5 பேர். புது வாத்தியார் பாடத்தோடு நிற்கவில்லை. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கழியை வைத்து, நீள அங்கி போட்ட பையன்களைத் தாண்டிக் குதிக்கச் சொன்னார். படித்தவர் வீட்டுப் பிள்ளை ஓடுவதே அநாகரிகம் என்று நினைத்த காலம். யென் ஷியு தடுக்கவில்லை.

இருவரும் ஜப்பான் போய்ப் பள்ளிகளைப் பார்த்து வந்தார்கள். 1904இல் யென் வீட்டிலேயே 70 மாணவர்களோடு ஒரு நடுநிலைப் பள்ளி தொடங்கியது. மூன்று ஆண்டில், நன்கொடையாகக் கிடைத்த நிலத்தில், நகரின் தென்மேற்கே நான்காய் என்ற பள்ளமான வெற்றிடத்துக்கு இடம் பெயர்ந்து அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. பள்ளி வாசலில் ஓர் ஆளுயரக் கண்ணாடி. முகம் சுத்தமாக இருக்கட்டும், முடி வெட்டியிருக்கட்டும், பொத்தான் போட்டிருக்கட்டும், நிமிர்ந்து நில் என்கிற பொருளில் நாற்பது எழுத்தில் ஓர் அறிவுரை அதன் மேலே. எழுதியவர் யென்.

அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு உள்ளே போன பையன்களில் ஒருவர், பின்னாளில் கம்யூனிஸ்ட் சீனாவின் பிரதமரான சூ என்லாய். 1913இல் சேர்ந்தார். வீட்டில் வசதியில்லை, கெட்டிக்காரப் பையன் என்று கட்டணம் தள்ளுபடி. பள்ளி நாடகங்களில் பெண் வேடம் கட்டிப் பேர் வாங்கினார்.

பள்ளி வளர்ந்தது. கல்லூரி மட்டும் நகரவில்லை. உயர்வகுப்புகள் தொடங்கிப் பார்த்த முயற்சிகள் காசில்லாமல் மூடப்பட்டன. 1917இல், தன் நாற்பத்தோராவது வயதில், ஜாங் அமெரிக்கா போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் மாணவராக உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு யென்னும் போய்ச் சேர்ந்தார். அரசுக் காசு இல்லாமல் அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் எப்படி நடக்கின்றன என்பதை இருவரும் ஊர் ஊராகப் போய்க் கவனித்தார்கள். அறக்கட்டளை, நிர்வாகக் குழு, பழைய மாணவர் நிதி. அமெரிக்காவில் இது சாத்தியம். அங்கே வங்கி இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, அடுத்த வருடமும் இதே அரசு இருக்கும் என்கிற நிச்சயம் இருக்கிறது. சீனாவில் இவற்றில் எது இருந்தது?

இருந்தவர்கள் தளபதிகள், முன்னாள் ஜனாதிபதிகள், ஓய்வுபெற்ற அமைச்சர்கள். பெய்ஜிங்கில் பதவி போனால் ரயில் ஏறித் தியான்ஜினின் வெளிநாட்டுக் குடியிருப்புகளில் பங்களா வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது அவர்கள் வழக்கம். அங்கே சீனப் போலீஸ் நுழைய முடியாது. ஆக, நாட்டின் பெரும் பணம் ஜாங்கின் ஊரிலேயே சில தெருக்களுக்குள் குவிந்து கிடந்தது. 1919 தொடக்கத்தில் ஜாங்கும் யென்னும் வசூலுக்குக் கிளம்பினார்கள். பெய்ஜிங்கில் ஜனாதிபதி ஷூ ஷிசாங், முன்னாள் ஜனாதிபதி லி யுவான்ஹோங், ஷான்ஷியில் ஆளுநர் யென் ஷிஷான், நான்ஜிங்கில் லி சுன் என்று பட்டியல் நீண்டது. இவர்களில் ஒருவருக்கொருவர் ஆகாது. யென் ஷியுவின் பெயருக்குக் கதவு திறந்தது, ஜாங்கின் பேச்சுக்குப் பெட்டி திறந்தது என்று சொல்லலாம். தனக்காகக் கேட்காததால் கேட்பதற்கு வெட்கமில்லை என்று ஜாங் சொல்வாராம். திருவோடு ஏந்தும் கிழத்துறவி என்றே தன்னைப் பற்றிப் பேசுவார்.

இந்த வசூலின் நடுவில் மே மாதம் வந்தது. வெர்சாய் மாநாடு ஷான்டோங் உரிமைகளை ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுத்த செய்தி கேட்டு, மே 4 அன்று பெய்ஜிங் மாணவர்கள் தெருவுக்கு வந்து அமைச்சர் சாவ் ருலின் வீட்டுக்குத் தீ வைத்ததைப் பதினைந்தாம் அத்தியாயத்தில் பார்த்தோம். ஜப்பானுக்குக் கைக்கூலி என்று மாணவர்கள் கரித்துக்கொட்டிய அதே சாவ் ருலின், நான்காய்க்கு நன்கொடை கொடுத்தவர். நிர்வாகக் குழுவிலும் அவர் பெயர் இருந்தது. சூ என்லாய் அப்போதுதான் ஜப்பானிலிருந்து திரும்பியிருந்தார். தன் பள்ளி இப்படிப்பட்டவரோடு சேர்வதா என்று கொதித்து, ஜப்பானில் இருந்த நான்காய் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார்.

இந்தக் கேள்விக்கு ஜாங் சொன்னதாக வழங்கும் பதில் பிரபலம்: நல்ல பூச்செடிக்குச் சாணித் தண்ணீர் ஊற்றினால் பூ கெட்டுவிடுமா? கேட்டவர்கள் சமாதானம் ஆகவில்லை. எனக்கும் அந்தப் பதில் பாதிதான் ஏற்பு. எருவுக்குச் சொந்தக்காரன் தோட்டத்துக்குள் வந்து எந்தப் பூ பூக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தால் என்ன செய்வது என்பதல்லவா உண்மையான கேள்வி? அதற்கு ஜாங் வாயால் பதில் சொல்லவில்லை, கணக்குப் புத்தகத்தால் சொன்னார். ஷூ ஷிசாங்கின் காசு இருந்தது, அவருக்கு ஆகாதவரின் காசும் இருந்தது. சுரங்க முதலாளி லி ஜுஷென் காசில் சுரங்கவியல் துறை. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தந்த பாதியும், ஒரு செல்வந்தர் தன் தாயின் சொற்படி கொடுத்த 70,000 யுவானும் சேர்ந்து அறிவியல் கட்டடம். நூலகத்துக்கு லு ஜிங் என்ற பழைய அதிகாரி 1 லட்சம் யுவான். யென் ஷியு தன் பங்குக்கு நிலமும், புத்தகம் வாங்க 2,000 அமெரிக்க டாலரும், தன் அலமாரியில் இருந்த நூல்களும் கொடுத்தார். எந்த ஒரு கொடையாளி கோபித்துக்கொண்டு போனாலும் பல்கலைக்கழகம் விழாது. எல்லோரிடமும் கடன்பட்டவனை எவரும் விலைக்கு வாங்க முடியாது.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு விலை இருந்தது. சுரங்க முதலாளிக்கு வியாபாரம் படுத்ததும் சுரங்கவியல் துறையை மூடவேண்டி வந்தது. படித்துக்கொண்டிருந்த பையன்களுக்கு அதை என்ன சொல்லிப் புரியவைப்பது?

1919 செப்டம்பர் 25 அன்று பல்கலைக்கழகம் திறந்தது. கலை, அறிவியல், வணிகம் என மூன்று பிரிவுகள். முதல் வகுப்பில் சூ என்லாயும் உண்டு. ஆனால் அவர் வகுப்பில் இருந்ததைவிடத் தெருவில் இருந்தது அதிகம். 1920 ஜனவரியில் மாகாண ஆளுநர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போய்க் கைதாகி, ஜூலை வரை சிறையில் இருந்தார். மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டு அரசியலில் இறங்குவது ஜாங்குக்குப் பிடிக்காது. ஆளுநரின் காசும் அவருக்கு வேண்டும். அவர் அந்த நாட்களில் பட்ட தர்மசங்கடத்தை ஊகிக்கலாம்.

யென் ஷியு செய்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம். பேரரசரின் கல்வி அமைச்சகத்தில் துணை அமைச்சராக இருந்த அந்த அறுபது வயதுப் பெரியவர், சிறையிலிருந்து வந்த பையனை ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பப் பணம் ஒதுக்கினார். 1920 நவம்பரில் சூ என்லாய் ஷாங்காயில் கப்பல் ஏறினார். அங்கே போய்ப் பையன் கம்யூனிஸ்ட் ஆகிவிட்டான் என்று நண்பர்கள் வந்து முறையிட்டார்கள். அவனவனுக்கு அவனவன் பாதை என்கிற அளவில் யென் பேச்சை முடித்துக்கொண்டார். பணத்தை நிறுத்தவில்லை.

1923இல் பல்கலைக்கழகம் ஊருக்குத் தெற்கே பாலிதாய்க்குப் போனது. குளமும் நாணலும் தாமரையும் நிறைந்த ஈர நிலம். நகரிலிருந்து படகில் போகலாம். அமைதியான இடம் என்று நினைத்தால் தப்பு. தியான்ஜின், வட சீனாவின் ரயில் முடிச்சு. 1922இலும் 1924இலும் ஜிலி, ஃபெங்தியன் என்ற தளபதி அணிகள் மோதியபோது படைகள் இந்த வழியாகத்தான் போய் வந்தன. 1925 டிசம்பரில் தளபதி ஃபெங் யூஷியாங்கின் ஆட்கள் சண்டை போட்டு நகரைப் பிடித்தார்கள். மூன்று மாதத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். 1928இல் தேசியப் படை வந்தது. ஒவ்வொரு முறையும் ரயில் நிற்கும், அரிசி விலை ஏறும், கொடுப்பதாகச் சொன்னவர் பதவி இழப்பார், அவர் காசு வராது, புதிதாக வந்தவர் வாசலுக்கு ஜாங் போக வேண்டும்.

அப்படியும் மாதச் சம்பளம் வந்துவிடும். இதை இன்று வாசிக்கும்போது சாதாரணமாகத் தோன்றலாம். பெய்ஜிங்கில் அரசுக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கிடையாது. கல்விக்கு ஒதுக்கிய காசு படைகளுக்குப் போய்விடும். 1921 ஜூன் 3 அன்று எட்டுக் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் மனு கொடுக்க ஜனாதிபதி மாளிகை வாசலுக்குப் போனபோது காவலர்கள் துப்பாக்கிக் கட்டையால் அடித்து விரட்டினார்கள். பேராசிரியர்கள் மண்டை உடைந்து மருத்துவமனையில் கிடந்தார்கள். தலைநகரின் அரசுக் கல்லூரிகளுக்கே அந்த நிலைமை. நான்காயில் சம்பளம் குறைவு, ஆனால் தேதி தவறாது. 1926இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பிய பொருளியலாளர் ஹே லியனுக்கு வேறோர் இடத்தில் மாதம் 300 யுவான் தரத் தயாராக இருந்தார்கள். அவர் 180 யுவானுக்கு நான்காய்க்கு வந்தார்.

வந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கிய இருபதுகளின் கடைசியில் இருந்த இளைஞர்கள். கணிதத்துக்கு ஜியாங் லிஃபு, ஹார்வர்டிலிருந்து. பல ஆண்டுகள் அவர் ஒருவர்தான் மொத்தக் கணிதத் துறையும். எல்லாப் பாடமும் அவரே நடத்துவார். 1926இல் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்து, பரிசோதனைக் கூடத்தில் கை வராது என்று கணிதத்துக்கு மாறினான். அவன்தான் ஷிங்-ஷென் செர்ன், இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் வடிவியலாளர்களில் ஒருவர். ஒற்றை ஆள் துறையிலிருந்து இப்படி ஒரு விளைச்சல்.

ஆனால் 1924 இறுதியில் மாணவர் இதழில் வெளியான ஒரு கட்டுரை பேராசிரியர்களின் பெருமையில் ஊசி குத்தியது. எழுதியவர் நிங் என்செங் என்ற மாணவர். சாராம்சம் இது: ஆசிரியர் அமெரிக்காவில் எழுதிய குறிப்பேட்டைக் கொண்டுவந்து இங்கே வாசிக்கிறார். நாங்கள் அதை எழுதிக்கொள்கிறோம். பிறகு நாங்களும் அமெரிக்கா போவோம், இன்னொரு குறிப்பேடு எழுதுவோம், திரும்பி வந்து அடுத்த தலைமுறைக்கு அதை வாசிப்போம். பிறவிச் சுழற்சி மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும். சீனாவுக்கு இதில் என்ன கிடைக்கிறது?

பேராசிரியர்கள் வகுப்புக்கு வர மறுத்தார்கள். மன்னிப்புக் கேள் என்றார்கள். மாணவர்கள் நிங்குக்குப் பின்னால் நின்றார்கள். ஜாங் நடுவில் மாட்டிக்கொண்டார். சூடு தணிய அடுத்த ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது.

கோபம் அடங்கிய பிறகு ஜாங் யோசித்த விதத்தில்தான் அவருடைய உயரம் தெரிகிறது. பையன் சொன்னது சரி என்று அவருக்குப் பட்டது. ஆங்கிலப் பாடப்புத்தகத்துக்குப் பதில் சீனப் பொருளை வைத்துப் பாடம் எழுதச் சொன்னார். மாணவர்களைச் சிறைச்சாலைக்கும் தொழிற்சாலைக்கும் கூட்டிப்போய்க் காட்டும் ஒரு வகுப்பு தொடங்கியது. ஹே லியன் தலைமையில் பொருளியல் ஆராய்ச்சிக் குழு 1927இல் வந்தது. அவர்கள் தியான்ஜின் கடைத்தெருவில் மொத்த விலைகளைக் குறித்தார்கள்; தொழிலாளர் வீடுகளில் அரிசிக்கும் மாவுக்கும் கரிக்கும் எவ்வளவு போகிறது என்று கேட்டு எழுதினார்கள்; கம்பள நெசவுக் கூடங்களிலும் காவோயாங் வட்டாரத்துத் தறிகளிலும் போய் உட்கார்ந்தார்கள். அரசு மாறிக்கொண்டே இருந்த ஒரு நாட்டில், விலைவாசி என்ன என்று நம்பிக்கையாகச் சொல்லக்கூடிய சில இடங்களில் ஒன்றாக இந்தத் தனியார் பல்கலைக்கழகம் ஆனது. 1928இல் ஜாங் வகுத்த வளர்ச்சித் திட்டம் சுருக்கமாகச் சொன்னதும் அதையே: சீனாவைத் தெரிந்துகொள், சீனாவுக்கு வேலை செய்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜாங் மறுபடி திருவோட்டோடு ஐரோப்பா, அமெரிக்கா கிளம்பினார். அவர் ஊரில் இல்லாத மாதங்களில் இரண்டு இடிகள் விழுந்தன. 1929 மார்ச்சில் யென் ஷியு காலமானார். இன்னொரு பக்கம், பெய்ஜிங்கின் சிங்ஹுவா கல்லூரி தேசியப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பாக்ஸர் கிளர்ச்சிக்காகச் சீனா கட்டிய இழப்பீட்டில் அமெரிக்கா திருப்பித் தந்த பணம் அதன் கையில். நூலகம், சம்பளம், விடுப்பு எல்லாமே நான்காய் கனவு காண முடியாத அளவு. வரலாற்றாசிரியர் ஜியாங் டிங்ஃபு அங்கே போனார். அவரைப் போல இன்னும் சிலர். ஜாங் ஏழைக் குழந்தையை வளர்த்துப் பணக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. ஜியாங் லிஃபு போகவில்லை. ஹே லியன் போகவில்லை. வேதியியலில் சியு ஜோங்யுவே, யாங் ஷிஷியென் போகவில்லை. அந்தச் சிலரை வைத்துக்கொண்டுதான் ஊர் திரும்பிய ஜாங் மீண்டும் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்.

இதற்கிடையில் அவர் இன்னொரு வேலையையும் தொடங்கியிருந்தார். 1927இல் வடகிழக்கே போய், தாலியான் துறைமுகத்தையும் ரயில்பாதையையும் ஜப்பானியர் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவந்தவர், மஞ்சூரியாவை ஆராய ஒரு குழு அமைத்தார். பேராசிரியர்களும் மாணவர்களும் அங்கே போய்ச் சுரங்கம், மண், ரயில், குடியேற்றம் என்று தகவல் திரட்டினார்கள். அதை வைத்து நான்காய் மாணவர்களுக்கு ஒரு பாடநூலும் எழுதப்பட்டது. வடகிழக்கின் இளம் தளபதி ஜாங் சுவேலியாங், 1916இல் பதின்வயதில் ஃபெங்தியனில் ஜாங் போலிங்கின் சொற்பொழிவைக் கேட்டு மனம் மாறியவர், இப்போது நன்கொடையாளர் ஆனார்.

தியான்ஜினில் ஜப்பானியப் படைமுகாம் இருந்த இடம் ஹாய்குவாங்சி. நான்காய் பள்ளிக்கும் பாலிதாய் வளாகத்துக்கும் நடுவில். மஞ்சூரியா பற்றிய ஆராய்ச்சியை அங்கிருந்தவர்கள் கவனிக்காமல் இல்லை. ஜப்பான் எதிர்ப்புக்கு நான்காய்தான் கூடாரம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சீனத் தளபதிகள் அத்தனை பேரையும் சமாளிக்க உதவிய ஜாங்கின் கணக்குப் புத்தகம் இவர்களிடம் செல்லாது. இவர்களிடம் அவர் ஒரு யுவான்கூட வாங்கியதில்லை. 1937 ஜூலை கடைசியில் இவர்களுடைய விமானங்கள் பாலிதாய்க்கு மேலே வந்தன. அது அடுத்த அத்தியாயம்.

(தொடரும்)